ஆலையை ஓட்டும் முதல்

தமிழாசிரியன் ஒருவன் விழா மலரிலே எழுதப் புகுந்தால், செய்யுளொன்றின் நயத்தையோ இலக்கண நுட்பமொன்றையோ எடுத்து விளக்குவான் என்றே அன்பர்கள் எதிர்பார்ப்பர். ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக வகுப்பறையிலே யான் செய்து வருவதும் அதுவே. எனினும், விழாக் கொண்டாடும் வீட்டிலே விளக்கேற்றுவதற்கு முன் வரவு செலவையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது குடும்பத்துக்கு நன்று. வடபகுதியிலே பெருந்தொழில்கள் மீண்டும் எழவேண்டும் என்னும் பேச்சுப் பழைய மாணவர் கூடுமிடமெல்லாம் எழுகின்றது. அப்பேச்சிலே ஒரு பாதி எப்பொழுதும் விடுபட்டுப் போகின்றது என்பது என் கருத்து. ஆலையைக் கட்டும் பணத்தைப் பற்றி நாம் பேசுகின்றோம். ஆலையை ஓட்டும் பணத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

தமிழிலே ‘முதல்’ என்னும் சொல் தொடக்கத்தையும் குறிக்கும். வாணிகத்தில் இடும் பொருளையும் குறிக்கும். இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் அமைந்தமை நம்மை ஒரு மயக்கத்துக்கு உள்ளாக்கிற்றுப் போலும். முதல் என்பது தொடக்கத்திலே ஒருமுறை இட்டு முடிந்துவிடுவது என்று எண்ணிக்கொள்கின்றோம். கட்டடமும் யந்திரமும் நிலமும் அவ்வாறு இடப்படும் முதலே. ஆயின், மூலப்பொருளிலும் எரிபொருளிலும், முடிந்தும் விற்கப்படாத சரக்கிலும், விற்றும் கைக்கு வராத காசிலும் நாள்தோறும் புதைந்து நாள்தோறும் மீளவேண்டிய வேறொரு முதலும் உண்டு. வணிக மாணவர் இதனைத் தொழிற்படு மூலதனம் என்பர். நடைமுறைச் சொத்துகளிலிருந்து நடைமுறைப் பொறுப்புகளைக் கழிக்க எஞ்சுவது அது.

பெயர் புதிதாயினும் பொருள் நமக்குப் புதிதன்று. தோட்டக்காரனுக்குக் கிணறும் நிலமும் நிலையான முதல். விதை வெங்காயத்துக்கும் உரத்துக்கும் இறைப்புக்கும் கூலிக்கும் இடும் காசு, விளைவு சந்தைக்குப் போய் மீண்டும் காசாகி வரும் வரையில், அவனுடைய தொழிற்படு மூலதனம். கிணறு நிறைய நீரிருந்தும் விதை வெங்காயம் வாங்கக் காசில்லாதவனுடைய தோட்டம் தரிசாகவே கிடக்கும். பெருந்தொழிலுக்கும் நியதி இதுவே. அளவு மட்டுமே வேறு.

பெருந்தொழில் என்றதும் நம்மவர் நெஞ்சிலே முதலில் எழுவது காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை. 1950ஆம் ஆண்டளவில் உற்பத்தியைத் தொடங்கிய அவ்வாலை, குடாநாட்டின் சுண்ணக்கல்லையும் முருங்கனின் களிமண்ணையும் சேர்த்து இந்நாட்டுக்குச் சீமெந்து தந்தது. பல குடும்பங்கள் அதனால் வாழ்ந்தன. 1990ஆம் ஆண்டிலே போர் அதனை நிறுத்திற்று. அதனை நிறுத்தியது கணக்கேடன்று. ஆதலின் அதன் கணக்குகளைப் பற்றி இங்கே பேச வரவில்லை. அத்தகைய ஆலையொன்று நாளை எங்கேனும் எழுமாயின், அதிலே ஒரு ரூபாய் எவ்வழியாற் போய் எவ்வழியால் மீளும் என்பதையே இங்கு காட்ட விரும்புகின்றேன்.

கல்லை உடைத்தவனுக்கு மாதமுடிவிலே கூலி கொடுக்கவேண்டும். கல் அரைபட்டுக் களிமண்ணோடு கலந்து, ஏறத்தாழ 1,450 பாகை செல்சியசு வெப்பத்திலே சுழல் சூளையில் வெந்து கிளிங்கராகும். அந்த வெப்பத்துக்கு வேண்டிய நிலக்கரியோ எரியெண்ணெயோ முன்னரே வாங்கி வைக்கப்பட்டிருத்தல் வேண்டும். கிளிங்கர் சிறிது ஜிப்சத்தோடு அரைக்கப்பட்டுச் சீமெந்தாகும். சீமெந்து பையில் ஏறிக் களஞ்சியத்திலே காத்திருக்கும். பின்னர் வணிகரிடம் செல்லும்; வணிகரோ தவணை கேட்பர். கல்லிற் போட்ட ரூபாய் இத்தனை வாயில்களையும் கடந்தே பணப்பெட்டிக்குத் திரும்பும். அதுவரையில் ஆலை கூலி கொடாதிருக்க முடியாது; மின்கட்டணம் கட்டாதிருக்க முடியாது.

திருக்குறளிலே வலியறிதல் என்னும் அதிகாரத்தில், பொருள் வரும் வழியையும் போகும் வழியையும் ஒருங்கே வைத்து நோக்கும் கருத்தொன்று உண்டு. வரும் வழி ஒடுங்கியதாயினும் போகும் வழி அதனினும் விரியாதிருந்தாற் கேடில்லை என்பது அதன் சாரம். வள்ளுவர் அங்கே வழியின் அகலத்தைப் பேசினார். பெருந்தொழில் நடத்துவோர் அதனோடு வழியின் நீளத்தையும் அளந்துகொள்ளல் வேண்டும் என்பேன். வரும் வழி அகன்றதாயினும் மிக நீண்டதாயின், பொருள் வந்து சேருமுன் வீட்டிலுள்ளார் பசித்துப் போவர்.

இந்நீளத்தை அளத்தற்கு எளிய கணக்கொன்று உண்டு. சரக்கு எத்தனை நாள் களஞ்சியத்தில் தங்குகின்றது, கடன்பட்டோரிடம் காசு எத்தனை நாள் தங்குகின்றது, இவ்விரண்டையும் கூட்டுக. நாம் கடன்கொடுத்தோருக்கு எத்தனை நாள் கழித்துக் கொடுக்கின்றோமோ அதனைக் கழிக்க. எஞ்சும் நாள்களே காசின் சுற்றுக்காலம்.

மாணவர் விளங்கும் பொருட்டு ஓர் ஆலையைக் கற்பனை செய்வோம். அதன் செலவு நாளொன்றுக்கு 1 கோடி ரூபாய். ஆண்டை 360 நாளாகக் கொண்டால் 360 கோடி. ஆண்டு விற்பனை 380 கோடி. ஆகவே வட்டிக்கு முன் இலாபம் 20 கோடி. சரக்கு 90 நாள் தங்குகின்றது. கடன்பட்டோரிடம் 60 நாள். கடன்கொடுத்தோருக்கு 30 நாளிற் கொடுக்கின்றது. சுற்றுக்காலம் 120 நாள். எனவே ஏறத்தாழ 120 கோடி ரூபாய் எப்பொழுதும் வழியிலேயே நிற்கின்றது. இதனை வங்கியிலே 12 வீத வட்டிக்குப் பெற்றால் ஆண்டு வட்டி 14.4 கோடி. மிஞ்சுவது 5.6 கோடி.

இப்பொழுது முகாமையாளர் விழித்துக்கொண்டு, சரக்கை 65 நாளாகவும் கடன்பட்டோர் காலத்தை 45 நாளாகவும் குறைக்கின்றார் என்க. கடன்கொடுத்தோருக்கு முன்போலவே 30 நாளிற் கொடுக்கின்றார். சுற்றுக்காலம் 80 நாள், வழியில் நிற்பது 80 கோடி, வட்டி 9.6 கோடி, மிஞ்சுவது 10.4 கோடி. ஒரு பை சீமெந்துகூட மிகுதியாக விற்கவில்லை. விலையை ஒரு சதமேனும் கூட்டவில்லை. தொழிலாளர் ஒருவரையும் நிறுத்தவில்லை. எனினும் இலாபம் ஏறத்தாழ இரு மடங்காயிற்று.

இனி வட்டி ஏறுகின்றது. இது வெறும் கற்பனையன்று. 2022ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் நமது மத்திய வங்கி தன் துணைநில் கடன்வழங்கல் வீதத்தை 7.5 வீதத்திலிருந்து 14.5 வீதத்துக்கு ஒரே நாளில் உயர்த்தியதையும், வங்கிகளின் வட்டி அதனைத் தொடர்ந்து ஏறியதையும், அந்நியச் செலாவணி இன்மையால் இறக்குமதியாளர் நாணயக் கடிதம் திறக்க இயலாது தவித்ததையும் நாம் கண்டோம். நம் ஆலையின் வட்டியும் 24 வீதமாயிற்று எனக் கொள்வோம். 120 நாள் ஆலைக்கு வட்டி 28.8 கோடி, 20 கோடி இலாபத்தை விழுங்கி 8.8 கோடி நட்டம். 80 நாள் ஆலைக்கு வட்டி 19.2 கோடி, 80 இலட்சமாவது மிஞ்சுகின்றது. ஒரே கல், ஒரே சூளை, ஒரே சந்தை. ஒன்று தடுமாறிற்று, மற்றது நின்றது. நல்ல காலத்தில் இலாபத்தைக் கூட்டும் ஒழுங்கு, தீய காலத்தில் உயிரையே காப்பாற்றுகின்றது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இவ்விடத்து ஒரு வினா எழும். குறைத்தல் நன்றாயின் முற்றாகவே குறைத்துவிடலாமன்றோ? யப்பான் நாட்டிலே தொயோட்டா நிறுவனத்தின் தயிச்சி ஓனோ வேண்டிய பொருள் வேண்டிய வேளையில் வேண்டிய அளவு வருமாறு ஒரு முறையை வளர்த்தெடுத்தார் என்பதும், தேங்கிய சரக்கை அவர் விரயமென்றே கொண்டார் என்பதும் உலகறிந்தவை. ஆயின் பிறர் சட்டையை அளவு பாராது அணிதல் கூடாது. சுழல் சூளை எளிதில் அணைத்து எளிதில் மூட்டக்கூடிய அடுப்பன்று. அது குளிர்ந்து மீண்டும் சூடேறினால் உள்ளே பதித்த தீக்கற்கள் வெடித்துப் பழுதாகும். உருக்காலையின் ஊதுலை குளிர்ந்து உறைந்துவிட்டால் அதனை மீட்பது பெரும்பாடு. கப்பல் ஒரு வாரம் பிந்தியதால் நிலக்கரி தீர்ந்து சூளை நின்றுவிடின், சரக்கைக் குறைத்து மிச்சம் பிடித்த வட்டியெல்லாம் அந்த ஒரு வாரத்திலே போய்விடும். பல ஆண்டு பயன்படாது கிடக்கும் உதிரிப்பாகமொன்றும், அது முறியும் நாளிலே பொன்னினும் அரியதாகும். அதிலும் நமது நாடு தீவு. எரிபொருள் கடல்வழி வருவது. ஆகவே பெருந்தொழிலுக்கு மிகையும் பகை, குறையும் பகை. பிரித்தானிய நிறுவனங்களை ஆராய்ந்து 2014ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்றும், தொழிற்படு மூலதனம் ஓரளவு வரையிலே நிறுவனத்தின் பெறுபேற்றை உயர்த்தி அவ்வளவைக் கடந்தபின் தாழ்த்துகின்றது என்றே கூறிற்று. அவ்வளவை ஒவ்வோர் ஆலையும் தன் சூளையையும் தன் துறைமுகத்தையும் பார்த்தே காணல் வேண்டும்.

மூன்றாவது வழியொன்று உண்டு. சரக்கையும் குறையாமல், வணிகரையும் நெருக்காமல், கடன்கொடுத்தோரை மட்டும் காத்திருக்கச் செய்வது. கணக்கிலே இது மிக எளிது. நம் ஆலை 30 நாளுக்குப் பதிலாக 70 நாளிற் கொடுத்தால், 120 நாள் அப்பொழுதும் 80 நாளாகும். முகாமையாளர் கதிரையை விட்டு எழவும் வேண்டியதில்லை. இதனைத் திறமை என்று புகழ்வோரும் உளர். யான் இதனைத் திறமை என்னேன்.

அதற்குக் காரணம் புத்தகத்தில் கற்றதன்று. யான் உயர்தர வகுப்பிற் படித்த காலத்தில் என் தந்தையாரிடம் பழைய லொறியொன்று இருந்தது. பெரிய தொழிலகமொன்றுக்குக் கல்லும் மணலும் ஏற்றிப் பறித்தார். அதன் பெயர் இங்கு வேண்டா. ஒவ்வொரு நடையையும் நீல உறையிட்ட கொப்பியொன்றிலே குறித்து வைப்பார். மாதமுடிவிலே போனால் ‘அடுத்த மாதம் வாருங்கள்’ என்பர். டீசலுக்கும் சாரதியின் கூலிக்கும் கடன் பட்டார். அம்மாவின் காப்பு அடைவுக்குப் போயிற்று. ஐந்தாம் மாதம் லொறியை விற்றார். ஏழாம் மாதம் தொழிலகம் காசோலை கொடுத்தது. ஒரு சதமும் குறையவில்லை. அதனைக் கையில் வைத்துக்கொண்டு, “கணக்கிலே நான் தோற்கவில்லை, தம்பி; நாளிலேதான் தோற்றேன்” என்றார். கொப்பியின்படி அவர் கடைசி நாள் வரையில் இலாபத்திலேயே இருந்தார். லொறி மட்டும் இல்லை.

அத்தொழிலகம் தன் சுற்றுக்காலத்தைச் சுருக்கிற்று. சுருங்கிய நாள்கள் மறைந்துபோகவில்லை. அவை எங்கள் வீட்டிலே வந்து தங்கின. பெருநிறுவனம் வங்கியிலே குறைந்த வட்டிக்குப் பெறக்கூடிய பணத்தை, அடைவுகடையிலே கூடிய வட்டிக்குப் பெறவேண்டிய ஏழையிடமிருந்து வட்டியின்றி வாங்கிக்கொள்வதே இம்முறையின் உட்பொருள். நாட்டின் மொத்தக் கணக்கிலே இஃது இலாபமன்று, சுமைமாற்று மட்டுமே. அன்றியும், அறத்தை ஒதுக்கி இலாபத்தை மட்டும் நோக்கினும் இது நல்வழியன்று. பெல்ஜிய நாட்டிலே 1,009 நிறுவனங்களின் 1992 முதல் 1996 வரையான கணக்குகளை ஆராய்ந்து மார்க் டெலூவ் என்பார் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை இங்கு கருதத்தக்கது. சரக்கு நாளும் கடன்பட்டோர் நாளும் குறைந்த நிறுவனங்கள் மிக்க இலாபம் காட்டின. கடன்கொடுத்தோருக்குப் பிந்திக் கொடுத்த நிறுவனங்களோ குறைந்த இலாபமே காட்டின. பிந்திக் கொடுத்தல் செல்வத்தின் வழியன்று, பெரும்பாலும் நலிவின் அறிகுறி என்றே அவர் அதனை விளக்கினார். காய்ச்சற்காரனுடைய உடல் சுடுகின்றதென்று கண்டு, சுடுதலே வலிமை என்று கொள்ளலாமோ?

நலிவை மறைக்கும் வித்தைகள் நம் காலத்திலே பெருகிவிட்டன. வாங்குவோர் பிந்திக் கொடுக்க, விற்போர் முந்திப் பெற, இடையிலே நின்று பணம் கொடுக்கும் நிறுவனங்கள் தோன்றின. முறையாக நடந்தால் இஃது இருபாலார்க்கும் நன்மையே. ஆயின் கிரீன்சில் என்னும் நிறுவனம், நடந்த விற்பனையின் சிட்டைகள் மீது மட்டுமன்றி, இனி நடக்கக்கூடும் என்று கருதிய விற்பனைகள் மீதும் பணம் கொடுத்தது. 2021ஆம் ஆண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்திலே கிரெடிட் சுவிஸ் வங்கி, இந்நிறுவனத்தோடு தொடர்புற்ற ஏறத்தாழ 1,000 கோடி டொலர் நிதியங்களை முடக்கிற்று. சில நாள்களிலே, மார்ச்சு 8ஆந் திகதி, கிரீன்சில் நொடித்தது. அதன் பணத்தைப் பெரிதும் நம்பியிருந்தது பல நாடுகளிலே உருக்காலைகளைக் கொண்ட ஜீஎஃப்ஜி என்னும் குழுமம். ஊற்று வற்றியதும் ஆலைகள் திணறின. அவற்றுள் ஒன்று தென் அவுஸ்திரேலியாவின் வையல்லா நகரத்து உருக்காலை. 2024ஆம் ஆண்டிலே அதன் ஊதுலை மாதக்கணக்கில் இயங்காது கிடந்தது. 2025ஆம் ஆண்டு பெப்புருவரி 19ஆந் திகதி அம்மாநில அரசு சட்டமியற்றி அவ்வாலையை நிருவாகிகளின் பொறுப்பிலே விட்டது. காரணங்கள் பலவாகலாம். எனினும், கொடுபடாத சிட்டைகளைக் கையிலே வைத்துக்கொண்டு நின்றவர்களுள் அவ்வூர்ச் சிறுதொழிலாளரும் இருந்தனர். அவர்களை நினைக்கும்போது அந்த நீல உறைக் கொப்பியே என் கண்முன் வருகின்றது.

அயல்நாடாகிய இந்தியா இத்துறையிலே செய்தது நம் கவனத்துக்குரியது. சிறு நிறுவனங்களிடம் பொருளோ சேவையோ பெற்றவர் 45 நாளுக்கு மேற்படாமற் பணம் கொடுக்கவேண்டும். தவறின் மத்திய வங்கி வீதத்தின் மூன்று மடங்கிலே கூட்டுவட்டியும் கொடுக்கவேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. வழக்குத் தொடுக்க வலியற்றவனுக்கு இது போதாது என்று கண்டபின், 2023ஆம் ஆண்டில் வருமானவரிச் சட்டத்தையே திருத்தினர். மைக்குரோ, சிறு நிறுவனங்களுக்குரிய காலத்துள் கொடுபடாத தொகையை, அது கொடுபடும் ஆண்டு வரையில் செலவாகக் கழித்துக்கொள்ள முடியாது என்பது அத்திருத்தம். இதனால் அஞ்சிப் பெருநிறுவனங்கள் சிறியோரை விட்டு விலகக்கூடும் என்ற முறைப்பாடும் எழுந்தது. அதனையும் கருதியே நாம் நம் வழியை வகுத்தல் வேண்டும். ஆயினும், காலந்தாழ்த்துதலை இலாபமாக விடாது வரிக் கணக்கிலே செலவாக்கிய அந்த எண்ணம் நுட்பமானது. நம் நாட்டுச் சட்டம் வகுப்போரும் கைக்கொள்ளத்தக்கது.

சட்டம் வருங்கால் வருக. நம்மாற் செய்யக்கூடியவை சில உள. பழைய மாணவருள் ஆலைகளின் பணிப்பாளரும் கணக்காளரும் பொறியியலாளரும் வங்கி முகாமையாளரும் பலர் உளர். நம் மண்ணிலே தொழில் தொடங்க நினைக்கும் அன்பர்கள், கட்டடத்துக்கும் யந்திரத்துக்கும் மதிப்பீடு செய்யும்போதே, ஆலை முதற் பையை விற்றுக் காசு பெறும் வரையில் ஓடுதற்குரிய பணத்தையும் தனியே எழுதிக்கொள்வாராக. யந்திரம் புதிதாய் நிற்க, எரியெண்ணெய் வாங்கக் காசின்றி அது துருவேறுதல், யந்திரமே இல்லாதிருத்தலினும் துயரமானது. பதவியிலுள்ள அன்பர்கள், தங்கள் மேசையிலே கையொப்பத்துக்குக் காத்திருக்கும் சிறியோரின் சிட்டைகளை இன்றே எடுத்துப் பார்ப்பாராக. அவற்றுள் ஒன்று ஒரு மாணவனுடைய தந்தைக்கு உரியதாயிருத்தல் கூடும்.

வணிக வகுப்பு மாணவர்க்கும் ஒன்று சொல்வேன். இலாப நட்டக் கணக்கும் ஐந்தொகையும் பரீட்சைத் தாளிலே சமப்பட்டால் மட்டும் போதாது. ஊரிலுள்ள நெல் ஆலைக்கோ ஐஸ் ஆலைக்கோ சென்று, சரக்கு எத்தனை நாள், வரவேண்டிய காசு எத்தனை நாள், கொடுக்கவேண்டிய காசு எத்தனை நாள் என்னும் மூன்றையும் கேட்டு எழுதி வாருங்கள். அறிக்கையின் தமிழை யான் திருத்தித் தருகின்றேன். கல்லூரி இன்னொரு விழாக் காணும்போது, இம்மலரிலே அக்கணக்குகளை எழுதுவோர் நீங்களாயிருத்தல் வேண்டும்.

தந்தையாரின் கொப்பி இன்றும் என் அலமாரியிலே இருக்கின்றது. அதன் கடைசிப் பக்கத்திலே வரவேண்டிய தொகையும், அதன் எதிரே ‘வந்தது’ என்ற ஒரு சொல்லும் உள்ளன. அச்சொல்லிலே எழுத்துப் பிழையில்லை, இலக்கணப் பிழையில்லை. காலப் பிழை ஒன்றே உண்டு. பெருந்தொழில்கள் நம் மண்ணிலே மீண்டும் எழுக. எழும்போது, உரிய காலத்திலே கொடுத்தும் உரிய காலத்திலே பெற்றும் எழுக.